மருந்தைத் தொட்ட கை

மார்ச் 4

ஆமைக்கு,

முதலில் ‘அண்ணி’ என்று எழுதி அடித்தேன். பிறகு ‘அன்புள்ள தோழிக்கு’ என்று எழுதினேன். லீவு லெட்டர் மாதிரி இருந்தது, அதையும் அடித்தேன். ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவள், பிறகு என் அண்ணன் மனைவி ஆனவள், பிறகு அதுவும் இல்லை என்று ஆனவள். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கூப்பிட எந்த முறையும் இல்லை. லேபில் வைத்த பெயரே இருக்கட்டும். செல்களோடு நீ ஊர்ந்த வேகத்துக்கு அது இன்றும் பொருந்தும்.

போனை நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் பலமுறை அடித்துப் பார்த்தேன். அதனால்தான் காகிதம்.

நம் பழைய கட்டுரைக்கு ஆபத்து வந்திருக்கிறது. மூளையின் காவல் செல்கள் மேல் பாக்டீரியாத் துணுக்கை ஊற்றினால் அவை வெகுண்டு அழற்சியைக் கிளப்பும், அவற்றின் ஏற்பியில் நம் மருந்து போய் உட்கார்ந்தால் உள்ளே சமிக்ஞை மாறி எல்லாம் அடங்கிவிடும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோமே, அதுதான். என் பதவி, என் லேப், என் பெயர், எல்லாம் அந்த ஒரு கட்டுரையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது வேறு லேபுகளில் செய்து பார்த்தவர்கள், மருந்து ஏற்பியில் உட்காருகிறது, ஆனால் செல் அடங்கவே இல்லை என்கிறார்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், நம் படங்களே இட்டுக்கட்டியவை என்று எழுதிவிட்டார். நிறுவனம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. ஜூன் மாதம் அவர்கள் முன் நிற்க வேண்டும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் லேபிலும் வரவில்லை. இத்தனை வருஷம் ஏற்பியின் வடிவத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தேன். அடங்குகிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

செல்களை வளர்த்தது நீ. நீ செய்ததை ஆரம்பத்திலிருந்து அப்படியே எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் நான் மோசடிக்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போவேன்.

கடுகு

மார்ச் 19

கடுகுக்கு,

அடித்த இடத்தில் ‘அண்ணி’ நன்றாகவே தெரிகிறது. அடுத்த முறை அழுத்தி அடி.

உன் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், சாப்பிடுகிறாயா, ஒன்றும் இல்லை. காரியம் என்றதும் விலாசம் மட்டும் கிடைத்துவிட்டது. பரவாயில்லை, நானே சொல்கிறேன். ஒரு கல்லூரியில் செல் உயிரியல் நடத்துகிறேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். மதியத்துக்கு மேல் வகுப்பு வைத்தால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். செல் தட்டோடு ஹூட்டின் கண்ணாடிக்குள் கை வைத்துப் பல காலம் ஆகிவிட்டது.

நீ பொய் சொல்பவள் இல்லை. அவசரக்காரி, வாய் நீளம், கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவாய், ஆனால் இல்லாத படத்தை இருப்பதாகக் காட்டுகிறவள் இல்லை. குழுவுக்கு இதை வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். செல் வளர்த்த கதையை என்னிடம் கேட்காதே. அந்த அறையை மறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும். உங்கள் இன்குபேட்டரில் தண்ணீர்த் தட்டு காயாமல் பார்த்துக்கொள்கிறீர்களா? இப்போதெல்லாம் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ஆமை

ஏப்ரல் 2

ஆமைக்கு,

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, வாங்கிக்கொண்டேன். தண்ணீர்த் தட்டு காய்ந்துதான் கிடந்தது. அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

நற்சான்று வேண்டாம்டி. நான் நல்லவள் என்று நீ எழுதித் தந்தால் செல் அடங்கிவிடுமா?

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த இடமாகவே வருகிறது. கதவு சாத்தாத இன்குபேட்டர், அதற்கு முட்டுக் கொடுத்த கால் உடைந்த நாற்காலி. சென்ட்ரிஃபியூஜ் ஆடி ஆடி மேஜை விளிம்புக்கு வந்துவிடும், நீ அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாய், நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துக் கீழே உட்கார்ந்துவிடுவேன். ஒற்றை ஹூட். நான் என் செல் தட்டுகளை முடித்து எழுந்தால்தான் நீ உட்கார முடியும். “மருந்தைத் தொட்ட கை கன்ட்ரோல் தட்டைத் தொடக் கூடாதும்மா” என்பார் பேராசிரியர். ஒரு துளி மருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று அவருக்கு அவ்வளவு பயம். அதனால் மருந்துத் தட்டுகள் எல்லாம் உன் பொறுப்பு, மருந்து போடாத கன்ட்ரோல் தட்டுகள் எல்லாம் என் பொறுப்பு. பிப்பெட் வேறு, பாட்டில் வேறு. நாம் இருவரும் எவ்வளவு சுத்தம் என்று அவர் விருந்தாளிகளிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

முதல் தடவை செல் அடங்கியதைப் பார்த்தோமே, அந்த இருட்டறை ஞாபகம் இருக்கிறதா? வெகுண்ட செல் மட்டும் ஒளிரும்படி சாயம் போட்டிருந்தோம். உன் தட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை, என் தட்டு முழுக்க ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. என் கையை நீ நசுக்கிய நசுக்கில் மோதிரம் வளைந்துவிட்டது. வெளியே வராந்தாவில் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்து உட்கார்ந்திருந்தான். என்னைத் தேடிக்கொண்டு வந்தவன் கண் உன்னையே தேடும். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பேன். என் சிநேகிதி என் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வரவே இல்லை. என்னை மன்னிக்க வேண்டாம். செல்லை மட்டும் சொல்லு.

கடுகு

ஏப்ரல் 15

கடுகுக்கு,

மோதிரத்தை நான் வளைக்கவில்லை, அது மலிவு மோதிரம்.

சரி, கேட்டுக்கொள். இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்ததும் கொஞ்ச நேரம் ஹூட்டில் சும்மா வைப்பேன். உடனே கை வைக்க மாட்டேன். பிறகு தட்டைச் சாய்த்து, செல்கள் ஊறி வளரும் பழைய மீடியத்தில் பாதியை மட்டும் ஓரத்திலிருந்து எடுப்பேன். மீதிப் பாதியின் மேல் புதுசைச் சுவரோரமாக வழியவிடுவேன். “பழசு கழிவும்மா, அதை ஏன் கட்டிக்கிட்டு அழறே” என்பார் பேராசிரியர். அவர் எதிரில் தலையாட்டிவிட்டு, அவர் செருப்புச் சத்தம் மறைந்ததும் என் வழிதான். முழுவதையும் உறிஞ்சினால் செல்கள் சுருண்டுகொண்டு மறுநாள் வரைக்கும் முறைத்துக்கொண்டிருக்கும். இருந்த வீட்டை ஒரேயடியாகக் காலி பண்ணச் சொன்னால் யாருக்குத்தான் மிரட்சி வராது? அதன் பிறகுதான் மருந்து. மற்றதெல்லாம் நீ அச்சில் போட்ட மாதிரியே.

எழுதும்போது கை தானாகச் சாய்ந்தது. எவ்வளவு பிடிக்கும் தெரியுமா எனக்கு அந்த வேலை? காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வெதுவெதுப்பு. ‘கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு வேலை’ என்று உன் அண்ணன் சொன்னபோது, உன் முகத்தைத்தான் பார்த்தேன். வேலையை விட வேண்டாம் என்று நீயாவது சொல்வாய் என்று நினைத்தேன். நீ புடவை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் நான் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தேன். ஏன் வந்தாய் என்று உன் வீட்டில் ஒரு ஆள் கேட்கவில்லை. மற்றவர்களை விடு. நீ கேட்டாயா?

செல் சங்கதி சொல்லியாயிற்று. இத்தோடு என்னை விட்டுவிடு.

ஆமை

மே 3

என் தங்கமே, என் ஆமையே,

அடங்கிவிட்டது. அடங்கிவிட்டதடி.

நீ சொன்னபடியே சாய்த்து, பாதி எடுத்து, பாதி விட்டு, சுவரோரம் வழியவிட்டு, மருந்தைப் போட்டேன். அத்தனை தட்டுகளும் இருட்டு. பக்கத்தில் என் கன்ட்ரோல் தட்டுகள் பழையபடி ஜெகஜ்ஜோதி. அந்த இருட்டறைக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்து உன் கையைத் தேடினேன், ஸ்டூல்தான் இருந்தது. ஸ்டூலைத் தட்டிக் கொடுத்தேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்.

மற்ற லேபுகள் எல்லாம் நான் அச்சில் எழுதினதை நம்பி மீடியத்தை முழுவதும் மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் வரவில்லை. குழுவுக்கு இது போதும். ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் முடிந்தது கதை என்று எங்கள் இயக்குநரே சொல்லிவிட்டார். பாதி மீடியம் உன் கண்டுபிடிப்பு என்று பெரிய எழுத்தில் போடுவேன்.

கன்ட்ரோல் தட்டுகளை வேறு யாரிடமும் விடவில்லை, வழக்கம் போல நானே பார்த்துக்கொண்டேன். பேராசிரியர் சொன்னதை இன்றைக்கும் நான் மீறுவதில்லை பார். மருந்துத் தட்டுகளை என் உதவியாளரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டிச் செய்ய வைத்தேன்.

நீ கேட்ட கேள்விக்குத் தனியாக, நிதானமாக எழுதுகிறேன். இப்போது கை நிற்கவில்லை.

கடுகு

மே 12

கடுகுக்கு,

உன் சந்தோஷத்தைப் படித்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

உன் கன்ட்ரோல் தட்டுகளில் மீடியத்தை நீ எப்படி மாற்றினாய்?

எனக்கு உன்னைத் தெரியும். நீ எதையும் பாதியில் நிறுத்தினவள் இல்லை. சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கவிழ்த்துத் தட்டுவாய். பேராசிரியர் சொன்னபடி, நீ அச்சில் எழுதினபடி, முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றியிருப்பாய். இப்போதும் அப்படித்தான், அப்போதும் அப்படித்தான்.

அப்படியானால் என் தட்டுக்கும் உன் தட்டுக்கும் மருந்து மட்டுமா வித்தியாசம்? நான் இதுவரை இதை நினைத்துப் பார்த்ததில்லை, சத்தியமாக இல்லை. ஹூட் ஒன்றுதானே, நீ உட்கார்ந்திருக்கும்போது நான் எட்டிப் பார்த்ததில்லை, நான் உட்கார்ந்திருக்கும்போது நீ இருட்டறையில் இருப்பாய். மருந்து போடாத தட்டிலும் பாதி மீடியத்தை விட்டு வைத்துப் பார். அது எரிந்தால் நீ சொல்வது சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். எரியாவிட்டால்?

குறிப்பை அதற்குமுன் கொடுத்துவிடாதே.

ஆமை

மே 20

நீ என்னைக் காப்பாற்ற எழுதினாயா, கவிழ்க்க எழுதினாயா?

குழு கேட்டது செல் அடங்குகிறதா என்று. அடங்குகிறது. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. இன்னும் சில நாளில் நான் அவர்கள் முன் நிற்க வேண்டும். இந்த நேரத்தில் ஒரு ‘எரியாவிட்டால்’ போட்டு அனுப்புகிறாய். எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப் போன இடத்தில் நான் உட்கார்ந்திருப்பது உனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலையை விட்டது நீ. நான் பிடுங்கிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போட மனமில்லை.

ஜூன் 9

ஆமைக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதியிருக்கவும் கூடாது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையிலேயே லேபுக்குப் போய்ச் செல்களை எடுத்தேன்.

எல்லாத் தட்டுகளையும் நானே வளர்த்தேன். மருந்து போட்டதில் பாதி மாற்றியவை, முழுவதும் மாற்றியவை, மருந்து போடாததிலும் அதே மாதிரி. எது எது என்று எனக்கே தெரியக் கூடாது என்று பக்கத்து அறைக்காரரை விட்டுச் சீட்டு ஒட்டச் சொன்னேன். படம் எடுத்து முடித்த பிறகுதான் சீட்டைப் பிரித்தேன்.

பாதி மாற்றியவை எல்லாம் அடங்கிவிட்டன, மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். முழுவதும் மாற்றியவை எல்லாம் எரிந்தன, மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம் மருந்து ஏற்பியில் போய் உட்காருகிறது. உட்கார்ந்து சும்மா இருக்கிறது. அவ்வளவுதான் அது செய்வது. இத்தனை வருஷமாக நான் மேடை மேடையாக ஏறிச் சொன்னது ஒரு மருந்தைப் பற்றி இல்லையடி. உன் கைக்கும் என் கைக்கும் இருந்த வித்தியாசத்தைப் பற்றி.

அழுதேன். கண்ணாடி ஜன்னல் வழியாக எல்லோரும் பார்க்கத்தான் அழுதேன்.

குழு முன்னால் இரண்டு ஃபைலோடு போனேன், ஒன்றில் முதலில் அடங்கிய தட்டுகளின் படங்கள், மற்றதில் சீட்டு ஒட்டிய தட்டுகளின் படங்கள். முதல் ஃபைலை மட்டும் கொடுத்திருந்தால் கை குலுக்கி அனுப்பியிருப்பார்கள். இரண்டாவதைக் கொடுக்கும்போது கை விடவே இல்லை, அவர்கள் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. படித்துவிட்டுத் தலைவர் கேட்டார், “இதை நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே, ஏன் சொல்றீங்க?” என்று. “என் சிநேகிதி கேட்டா. அவ கேட்டப்புறம் சொல்லாம இருக்க முடியலை” என்றேன். மோசடி இல்லை, தவறு என்று எழுதிவிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. பெரிய லேபை வேறு ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு வராந்தாக் கடைசியில் ஒரு சின்ன அறை. ஒரு இன்குபேட்டர், ஒரு ஹூட்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டிருந்தால் அண்ணனை இழப்பேன், இல்லாவிட்டால் உன்னை இழப்பேன் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தேன். உன்னை இழந்துதான் விட்டேன். சொல்லு, அந்த வீட்டில் உனக்கு என்ன நடந்தது?

அப்புறம், இங்கே வருகிறாயா? கொஞ்ச நாளைக்கு. செல் வளர்க்க உன் கை வேண்டும்.

கடுகு

ஜூன் 24

கடுகுக்கு,

கிழிக்கவில்லை. அந்தக் கடிதத்தில் நீ எழுதினதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எனக்குப் பொறாமை இருந்தது. உன் பதவி மேல் இல்லை, நீ தினமும் போய் உட்காரும் அந்த ஸ்டூல் மேல்.

நீ கேட்டதற்குப் பதில். அந்த வீட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உன் அண்ணன் கெட்டவர் இல்லை. கை நீட்டினவர் இல்லை, குடித்தவர் இல்லை. சாயங்காலம் வருவார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார். “இன்னைக்கு என்ன பண்ணினே” என்று ஒரு நாள் கேட்டதில்லை. லேபில் நாளெல்லாம் நீ பக்கத்து அறையிலேயே இருந்தாலும், சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது அதைக் கேட்பாய், பேராசிரியருக்குத் தெரியாத அந்தப் பாதி மீடியத்தை மட்டும் விட்டுவிட்டு நானும் ஒப்பிப்பேன். அதற்குப் பழகிவிட்டு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. கேட்க ஆளில்லாமல் எனக்கே நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. இதை யாரிடம் போய்க் குறை என்று சொல்வது? அதனால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். நீ கேட்டுவிட்டாய். நேரம் கழித்துத்தான் கேட்டாய், ஆனாலும் உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அது கிடக்கட்டும். அந்தப் பழைய மீடியத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தாயா? அழுதது போதும், யோசி. செல்களே எதையோ சுரந்து தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்கின்றன. அது நம் ஏற்பி வழியாகவா, வேறு வழியாகவா? சூடு பண்ணினால் போய்விடுகிறதா? ஒரு தட்டின் பழைய மீடியத்தை இன்னொரு தட்டில் ஊற்றினால் அதுவும் அடங்குமா? மருந்து போனால் போகட்டும். இது மருந்தைவிடப் பெரிது. நேற்று வகுப்பில் இதையே நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன், பிள்ளைகளே விழித்துக்கொண்டார்கள்.

செல் வளர்க்க என் கை வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் முடியாது. என் வலது கை நடுங்குகிறது. போன வருஷம் கரும்பலகையில் எழுத்து கோணியபோதுதான் கவனித்தேன். டாக்டர் இளம் வயது, பாவம். மூளையில் ஏற்பிகள் என்று சில உண்டு, சமிக்ஞைகள் என்று சில உண்டு என்று படம் போட்டு எனக்கு விளக்கினார். நானும் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், டீ டம்ளர் பிடிக்க முடிகிறது. பிப்பெட்டைப் பிடித்தால் தட்டில் மழைதான் பெய்யும்.

ஆகவே எல்லாத் தட்டுகளையும் நீயேதான் பார்க்க வேண்டும். உனக்குப் பாதியில் நிறுத்த வராது. பக்கத்தில் உட்கார்ந்து “போதும்டி” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பரீட்சைத் தாள் திருத்தி முடிந்ததும் கிளம்பி வருகிறேன். எனக்கு ஸ்டூல் ஆகாது, முதுகு வலிக்கும். ஹூட் பக்கத்தில் சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலி போட்டு வை.

ஆமை